வீடியோவில் ஒரு கைதா?

மதுரை நகரத்தாரும் மேலூர், உசிலம்பட்டிக் கிராமவாசிகளும் ஒன்றை உணரவேண்டும். நமது சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்பது கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27-ந் தேதி பிரதம மந்திரியே வானொலியில் இதை வற்புறுத்திச் சொன்னார்.

மெய்யான கைதில் அதிகாரி நேரில் வரவேண்டும், காரணம் கூறவேண்டும், உறவினருக்கும் தெரிவிக்கவேண்டும். காக்கி உடுப்பில் வீடியோவில் தோன்றி, "எவரிடமும் சொல்லாதே, பணத்தை அனுப்பு" என்பவன் திருடனே. அவன் கணினியின் பூட்டை உடைப்பதில்லை. நம் அச்சத்தையே சாவியாக்கிக் கொள்கிறான். அந்நிய ஆட்சி 1947-ல் ஒழிந்தும், அதிகாரக் குரலுக்கு நடுங்கும் வழக்கம் ஒழியவில்லை போலும்!

பேச்சைத் துண்டியுங்கள், அவன் அனுப்பும் இணைப்பைத் திறவாதீர்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். சுதந்திரப் பிரஜை சட்டத்துக்குப் பணிவான், வேஷத்துக்குப் பணியலாகாது.