ஏறும்போது தண்ணீர், இறங்கும்போது காபி

இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒன்றின் மேல் ஒன்று. கீழே தண்ணீர், மேலே காபித்தூள். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், துணி வடிகட்டி, காற்று புகாமல் அடைக்க ஒரு ரப்பர் வளையம். அடுப்பைப் பற்றவைத்தால் தண்ணீர் குழாய் வழியே விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. அடுப்பை அணைத்தால் காபியாகக் கீழே இறங்குகிறது. ஜப்பானின் பழைய காபிக் கடைகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் சைபன் காபி இதுதான். பார்ப்பவர்கள் வாய்பிளப்பது தண்ணீர் ஏறும்போது. ஆனால் சூட்சுமமெல்லாம் இறங்குவதில் இருக்கிறது.

ஏறுவதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தக்கூடியது. இங்கே தண்ணீர் ஏறவேண்டியது 15 செ.மீ. போல. கீழ்க் குடுவைக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிட ஒன்றரை சதவீதம் கூடினாலே போதும். அதனால் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து அரை டிகிரிகூட நகர்வதில்லை.

இந்தச் சுலபத்தில் ஒரு வம்பும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே இரண்டு குடுவைகளையும் இறுக்கிப் பொருத்திவிட்டால், உள்ளே இருக்கும் காற்று விரிவதே தண்ணீரைத் தள்ளப் போதுமானது. கொதிப்பதற்கு வெகுமுன்பே அது மேலே போய்விடும், காபி சப்பென்றிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் மேல்குடுவையைச் சாய்த்து, சும்மா சொருகி வைத்திருப்பார்கள்.

எப்போது இறுக்குவது? அதைச் சொல்வதற்கென்றே ஒரு சின்னப் பொருள் தொங்குகிறது. வடிகட்டியைக் கொக்கியால் இழுத்துப் பிடிக்கும் மணிச்சங்கிலி, குழாயைத் தாண்டிக் கீழ்க் குடுவையின் அடியைத் தொடும். வழவழப்பான கண்ணாடியில் குமிழி உருவாகப் பிடிமானம் கிடையாது. தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று பொங்கிச் சிதறும். வேதியியல் ஆய்வகத்தில் பீங்கான் துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவைப்பது இதனால்தான். சங்கிலியின் மணிகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் காற்று அந்தத் துண்டுகளின் வேலையைச் செய்கிறது. மணிகளிலிருந்து குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பினால் மேல்குடுவையை நிமிர்த்தி அழுத்தலாம்.

தண்ணீர் ஏறியபின் அடுப்பை அணைக்கக் கூடாது. சிம்மில் வைக்க வேண்டும். குழாயின் முனை அடியைத் தொடாததால் கீழே கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அது ஆவியாகி, குடுவைக்குள் எஞ்சிய காற்றைக் குழாய் வழியே வெளியே துரத்துகிறது. ஒரு நிமிடத்தில் கீழ்க் குடுவையில் இருப்பது பெரும்பாலும் நீராவிதான்.

இப்போது அடுப்பை அணையுங்கள். நீராவி குளிர்ந்து தண்ணீரானால் அதன் பருமன் சுமார் 1,700-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குடுவை 95 டிகிரிக்கு ஆறினாலே உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறையும். மேலேற்றிய அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு இது! கிட்டத்தட்ட 1.7 மீட்டர் உயரத் தண்ணீர் மேலே நின்று அழுத்துவதற்குச் சமம். நம் வீட்டு ஃபில்டரிலோ, தூளின் மேல் நிற்கும் சில செ.மீ. வெந்நீரின் எடைதான் டிகாக்‌ஷனை இறக்குகிறது. அதனால்தான் அது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சைபனில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். குடுவை காபியை உறிஞ்சுவதாகத் தோன்றும். தள்ளுவது வெளிக்காற்று.

1712-ல் இங்கிலாந்தில் நியூகோமன் செய்த நீராவி எஞ்சின் ஓடியதும் இப்படித்தான்: ஆவியைக் குளிரவைத்து, வெளிக்காற்றைக் கொண்டு பிஸ்டனைத் தள்ளுவது. காபிக்கு இந்த வித்தை வந்தது 1830களில், ஜெர்மனியில். 1840களின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்து மேடம் வாஸ்யூ தன் குடுவைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலக் கண்ணாடி சூடு தாங்காமல் வெடிப்பது பெருந்தொல்லை. போரான் கலந்த போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கே விரியும். 1915-ல் பைரெக்ஸ் என்ற பெயரில் அது சமையலறைக்கு வந்தபின்தான் சைபன் பயமில்லாத பாத்திரமானது. இன்று சைபன் செய்யும் ஜப்பானின் ஹாரியோ நிறுவனமும் ஆய்வகக் கண்ணாடி செய்து தொடங்கியதுதான்.

வீட்டில் போட்டுப் பார்க்க: 300 மி.லி. தண்ணீருக்கு 20 கிராம் தூள், ரவைப் பதத்தில். தண்ணீர் ஏறியதும் தூளைப் போட்டு ஒருமுறை கிளறி, ஒரு நிமிடம் கழித்து அணைக்கலாம். மாவாக அரைத்த தூள் துணியை அடைத்துக்கொண்டு காபியை இறங்கவிடாது. எல்லா சைபனும் கேஸ் அடுப்புக்கு ஆகாது. ஸ்பிரிட் விளக்குக்கென்றே செய்தவை உண்டு, கேட்டு வாங்குங்கள். குடுவையின் வெளிப்புற ஈரத்தைத் துடைக்காமல் தீயில் வைக்கவோ, அடித்தண்ணீர் வற்றும்வரை விடவோ வேண்டாம். துணியைச் சோப்புப் போடாமல் அலசி, தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இதில் வரும் காபி தெளிவானது, மணமானது, மெலிதானது. பாலும் சிக்கரியும் சேர்ந்த கெட்டிக் காபிதான் வேண்டுமென்றால் இதற்குக் காசு செலவழிக்காதீர்கள், ஃபில்டரே போதும்.