அமெரிக்கத் தொழிலாளர் போராட்டங்களில் வன்முறை: காரணங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் தொழில்மயமான காலத்தில், குறிப்பாக 1877 முதல் 1930கள் வரை, பல வேலைநிறுத்தங்கள் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தன. தேர்தலும் அரசியலமைப்பும் நிலைபெற்றிருந்த ஒரு நாட்டில் கூலித் தகராறுகள் ஏன் இந்த நிலைக்குச் சென்றன என்பது தொழிலாளர் வரலாற்றின் முக்கியமான கேள்வி. இதற்கான காரணங்கள் கீழே விளக்கப்படுகின்றன.

பின்னணி

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பின் இரயில் பாதைகள், உருக்காலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள் வேகமாகப் பெருகின. பல உருக்காலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை வழக்கமாக இருந்தது. வேலையில்லாக் காலத்துக்கு அரசு உதவி கிடையாது. ஆகவே கூலிக் குறைப்பு என்பது குடும்பத்தின் உணவைக் குறைப்பதாகவே அமைந்தது.

1873இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியின் தொடர்ச்சியாக, 1877 ஜூலையில் பால்டிமோர்-ஒகையோ இரயில் நிறுவனம் கூலியை 10 விழுக்காடு குறைத்தது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாநிலங்களுக்குப் பரவியது. பிட்ஸ்பர்க்கில் உள்ளூர்ப் படையினர் தம் ஊர் மக்களை எதிர்க்கத் தயங்கியதால் பிலடெல்பியாவிலிருந்து படை வரவழைக்கப்பட்டது. ஜூலை 21 அன்று அப்படை சுட்டதில் சுமார் 20 பேர் இறந்தனர். அதன் பிறகே மக்கள் கூட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட இரயில் எஞ்சின்களைத் தீயிட்டு அழித்தது.

சங்கத்துக்குச் சட்ட ஏற்பு இல்லாமை

சங்கம் அமைப்பது தன்னளவில் குற்றமன்று என மாசச்சூசெட்ஸ் நீதிமன்றம் 1842இலேயே தீர்ப்பளித்தது. எனினும் சங்கத்துடன் முதலாளி பேச்சு நடத்த வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. சங்கத்தில் சேர்ந்தவரை வேலையிலிருந்து நீக்கலாம். வேலைநிறுத்தம் நடந்தால் வெளியாட்களைக் கொண்டு ஆலையை ஓட்டலாம். இந்தக் கருங்காலிகளை உள்ளே விடாமல் தடுத்தால் மட்டுமே வேலைநிறுத்தத்துக்கு வலு இருந்தது. எனவே பேச்சுவார்த்தை மேசையில் நடக்க வேண்டிய மோதல் ஆலை வாயிலில் நடந்தது.

தனியார் காவற்படைகள்

வேலைநிறுத்தங்களை முறியடிக்க முதலாளிகள் ஆயுதம் தாங்கிய ஆட்களை வாடகைக்கு அமர்த்தினர். 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் நகரிலிருந்த கார்னகி உருக்காலையில் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, மேலாளர் ஹென்றி கிளே ஃபிரிக் கதவடைப்பு செய்தார். ஆலையைக் கைப்பற்ற பிங்கர்டன் நிறுவனத்தின் சுமார் 300 ஆட்கள் ஜூலை 6 அன்று ஆற்றுவழியே படகுகளில் வந்தனர். கரையில் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. பின்னர் மாநிலப் படை வந்தது, சங்கம் தோற்றது.

அரசும் நீதிமன்றமும்

தகராறில் நடுநிலை வகிக்க வேண்டிய அரசு பெரும்பாலும் சொத்துடைமையின் பக்கம் நின்றது. 1894இல் சிகாகோ அருகே இரயில் பெட்டிகள் செய்த புல்மன் நிறுவனம் கூலியைச் சுமார் 25 விழுக்காடு குறைத்தது. ஆனால் தொழிலாளர் குடியிருந்த தன் வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. யூஜின் டெப்ஸ் தலைமையிலான இரயில்வே சங்கம் புல்மன் பெட்டிகளை இயக்க மறுத்தது. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்த்தும், குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து கூட்டரசுப் படையை அனுப்பினார். படை வந்த பின் கலவரம் பெருகியது. டெப்ஸ் சிறை சென்றார்.

நிறுவன ஊர்கள்

சுரங்கப் பகுதிகளில் வீடு, கடை, காவலர் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை. வேலைநிறுத்தம் செய்தவர் வீட்டையும் இழந்தார். கொலராடோவில் 1913இல் இவ்வாறு வெளியேற்றப்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் லட்லோவில் கூடாரங்களில் குடியேறினர். 1914 ஏப்ரல் 20 அன்று மாநிலப் படை அக்கூடாரங்களைத் தாக்கியது, அவை எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியிலிருந்த குழியில் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மூச்சுத்திணறி இறந்தனர்.

தொழிலாளரிடையே பிளவு

வன்முறை முழுவதும் மேலிருந்து வந்ததன்று. முதலாளிகள் வெவ்வேறு இனத்தவரைப் போட்டியாக வேலைக்கு அமர்த்தினர். பல சங்கங்களோ கறுப்பினத்தவரையும் சீனரையும் சேர்க்க மறுத்தன. 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் வெள்ளையினச் சுரங்கத் தொழிலாளர்கள் 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்றனர். 1886 மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் கூட்டத்தில் வீசப்பட்ட வெடிகுண்டு, காவலர் சிலரின் உயிரைப் பறித்தது. வீசியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆயினும் 8 பேர் தண்டிக்கப்பட்டு, அவர்களில் 4 பேர் தூக்கிலிடப்பட்டனர். இதன் நினைவோடு இணைந்ததே மே நாள். சென்னையில் 1923இல் சிங்காரவேலர் அதைக் கொண்டாடினார்.

மாற்றம்

1932ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்தங்களுக்கு எதிரான தடையாணைகளைக் கட்டுப்படுத்தியது. 1935இன் வாக்னர் சட்டம், பெரும்பான்மைத் தொழிலாளர் தேர்ந்தெடுத்த சங்கத்துடன் முதலாளி பேச வேண்டும் என்றாக்கியது. வன்முறை உடனே நின்றுவிடவில்லை. 1937 மே 30 அன்று சிகாகோவில் காவல்துறை சுட்டதில் 10 பேர் இறந்தனர். ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் உயிர்பலி அரிதாயிற்று. வேலைநிறுத்தங்கள் குறைந்ததால் இது நிகழவில்லை. 1946இல் பல இலட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் பழைய அளவில் இரத்தம் சிந்தவில்லை. சங்கத்தை ஏற்க மறுத்ததே மோதலைக் கூர்மையாக்கிய முதன்மைக் காரணம் என்பதற்கு இம்மாற்றம் வலுவான சான்றாகும்.