மங்கலம் என்னும் வழக்கு

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்து உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில், கடலுக்குப் புறப்படும் மகன் வாசற்படியில் நின்று 'போகிறேன்' என்று சொல்லிவிட்டால் தாயின் மனம் பதறும். 'போய் வருகிறேன்' என்று, திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அடங்கும். தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான இச்சம்பிரதாயம், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரையில் வெறும் உபசாரமன்று.

அமங்கலமானதை அதன் பெயரால் அழைத்தால் அது வந்து சேரும் என்ற அச்சம் பிறப்பித்த இவ்வகைச் சொற்களுக்கு நன்னூலில் பவணந்தி முனிவர் 'மங்கலம்' என்று பெயரிட்டு, தகுதி வழக்கின் ஒரு பகுதியாக வைத்தார். சுடுகாட்டை நன்காடு என்பதும், கரிய ஆட்டையும் வெள்ளாடு என்பதும் இவ்வகையே. விளக்கை அணைக்காமல் குளிர வைக்கிறோம். தாலி அறுந்தால் 'பெருகிற்று' என்கிறோம். ஊரையே சூறையாடிய வைசூரியை அம்மை என்று தாயாக்கி வணங்கினார்கள் நம் முன்னோர். அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்கப்பட்ட பின்னும் அப்பெயர் நிலைத்திருக்கிறது.

ஹாங்காங்கின் காண்டனீஸ் மொழியிலும் இந்த அச்சம் உண்டு. அங்கே 'காலி' என்று பொருள்படும் 'ஹுங்' என்ற சொல் தீச்சகுனத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதால், ஆளில்லாத வீட்டை 'மங்கல வீடு' என்றே விளம்பரம் செய்கிறார்கள். அவர்கள் பெரிதும் ஒலிக்கு அஞ்சுகிறார்கள்; நாம் அர்த்தத்துக்கு அஞ்சுகிறோம்.

இச்சொற்களின் இயக்கத்தில் என்னை மிகவும் கவர்வது அவற்றின் தேய்வே. மறைக்க வந்த சொல்லிலேயே மறைக்கப்பட்ட துக்கம் நாளடைவில் ஊறிவிட, வேறொரு சொல்லைத் தேட வேண்டியதாகிறது. 'இறத்தல்' என்பதற்குக் கடத்தல் என்பதே ஆதிப்பொருள். 'இறந்த காலம்' என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. சாவென்று சொல்லக் கூசி எடுத்தாண்ட அச்சொல்லும் கடுமையாகிவிடவே, 'காலமானார்' என்றும் 'இயற்கை எய்தினார்' என்றும் சொல்லலானோம்.

மூடநம்பிக்கையென்று இவற்றை ஒதுக்குவோர் பெரியதொரு மொழிச்செல்வத்தை இழக்கிறார்கள். கரையூர்களிலும் உப்பளங்களிலும் முதியோர் வாயில் மட்டும் வாழும் மங்கலச் சொற்களை, அவ்வூர் இளைஞர்களே கேட்டு எழுதி வைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.