கைத்தொழிற் பயிற்சியும் கல்வியே

பள்ளி இறுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பார்த்து, “இனி இவனுக்குப் படிப்பு வராது” என்று பெற்றோர் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரியன்று என்பதற்கு அண்டை நாடாகிய சிங்கப்பூர் தக்க சான்றாக விளங்குகின்றது.

1965இல் தனி நாடான சிங்கப்பூருக்கு மக்களின் உழைப்பே பெருஞ் செல்வமாக இருந்தது. தொழிற்சாலைகளுக்குத் தேர்ந்த தொழிலாளர் தேவைப்பட்டனர். எனவே, 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடன் கூட்டாக அந்நாட்டு அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையத்தை அமைத்தது. நுட்பமான கருவிகளைச் செய்யும் தொழிலை இளைஞர்கள் அங்குப் பயின்றனர். 1973இல் தொழிலியல் பயிற்சிக் கழகம் தோன்றியது. 1979இல் அது முதியோர் கல்விக் கழகத்துடன் இணைந்தது. அதன் வழியில் 1992இல் உருவானதே இன்றைய தொழில்நுட்பக் கல்விக் கழகம்.

தொடக்கத்தில் இக்கழகமும் ஏளனத்திற்கு ஆளாயிற்று. அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகளுக்கு “இதுவே முடிவு” என்று பொருள் கூறி நகைத்தோர் உண்டு. ஆயினும், சிறு பயிற்சி நிலையங்கள் நாளடைவில் சிமெய், சுவா சூ காங், அங் மோ கியோ ஆகிய இடங்களில் மூன்று பெருங்கல்லூரிகளாக வளர்ந்தன. 2007இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வழி வழங்கப்பட்ட அனைத்துலக விருதும் கழகத்தைத் தேடி வந்தது.

இக்கல்வியின் சிறப்பு யாது? மாணாக்கர் தம் நேரத்தின் பெரும்பகுதியைப் பட்டறையிலேயே செலவிடுகின்றனர். மின்னியல், இயந்திரப் பழுதுபார்ப்பு, தாதிமை, சமையற்கலை போன்றவற்றைக் கையால் செய்தே கற்கின்றனர். ஏட்டில் விளங்காதது கருவியைத் தொட்டதும் விளங்கிவிடுகின்றது. ‘நைட்டெக்’ சான்றிதழுடன் படிப்பு நின்றுவிடுவதில்லை. உயர் நைட்டெக், டிப்ளோமா என மேலே செல்ல வழியுண்டு. பணியாற்றி ஊதியம் பெற்றவாறே டிப்ளோமா பயிலும் திட்டமும் 2018இல் தொடங்கப்பட்டது.

லிட்டில் இந்தியா வட்டாரத்தில், பீட்டி சாலையில் அமைந்துள்ள ‘சிண்டா’ எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991 முதல் துணைப்பாட வகுப்புகளும் வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவியும் அளித்து வருகின்றது. சமூகம் கைகொடுத்தால் பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவது குறையும் என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

நம் நாட்டிலும் இவ்வாய்ப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்படுகின்றது. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உள்ளன. தேர்வு முடிவு வந்தவுடன், பிள்ளைக்கு எத்தொழிலில் நாட்டம் என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திற்கு அவனையோ அவளையோ அழைத்துச் சென்று விசாரிக்க வேண்டும். தொழில் கற்ற கை எந்நாளும் வெறுங்கையாகாது.