லயத்துப் பிள்ளையும் கையடக்கத் தொலைபேசியும்

பசறை, ஹாலிஎல, அப்புத்தளைத் தோட்டங்களில் தாய் கொழுந்து எடுக்கப் போனபின், சிறுபிள்ளையின் பகல் பாட்டியிடமோ பிள்ளைக் காம்பராவிலோ கழிகிறது. வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட் போன் பெரும்பாலும் வேலைக்குப் போனவர் கையில். இந்தப் போதாமையையும் சிக்னல் இல்லாத நிலையையும் கொரோனாக் காலம் அம்பலப்படுத்தியது. 2021இல் லுணுகலைப் பகுதியில் சிக்னலுக்காக, காட்டு மரத்தில் சுமார் 30 அடி உயரத்திலிருந்த பரணில் ஏறி மாணவர் இணையப் பாடம் கற்றது உலகச் செய்தியானது.

எழுத்தறியும் வயதுக்கு நேரலை வகுப்பு அவ்வளவு தேவையில்லை. ஸ்டோரிவீவர் போன்ற தளங்களில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிவைத்தால், லயத்தில் டேட்டா செலவின்றிப் படிக்கலாம். பிள்ளையை மடியில் இருத்தி, வாசிக்கும் சொல்லின் கீழ் விரலை நகர்த்தி, படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேட்பதுதான் பாடம். வாசிக்கத் தெரியாத பாட்டியும் தாம் சொல்லும் கதையைப் போனில் பதிவுசெய்து திரும்பப் போட்டுக்காட்டலாம். பெரியவர் இல்லாமல் போனை மட்டும் கொடுத்தால் அது வெறும் பராக்கு.

பராக்கோடு ஆபத்தும் வரும். காணொளிகள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். விளம்பரத்தில் விரல் பட்டால் ரீலோட் கரையும். 2 முதல் 4 வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, இரண்டு வயதுக்குள் அறவே வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் 2019 அறிவுரை. பிள்ளையின் பெயர், பாடசாலையுடன் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதும் தவிர்க்க வேண்டியது.

வீட்டு முயற்சிக்கு அப்பால் சட்டமும் உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தமிழில் கற்கும் உரிமையைத் தருகிறது. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். முன்பள்ளி அந்த வரம்புக்கு வெளியே நிற்பதுதான் பெரிய ஓட்டை.

பாடசாலைக்குக் கிடைத்த டெப் கருவிகள் அலுமாரியில் பூட்டிக் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால், அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அடுத்து தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இணையத்தில் பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தால், அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.