கதவைத் தட்டியது யார்?

குட்டீஸ்! கரன்ட் போன இரவில் பேய்க்கதை கேட்ட அனுபவம் உண்டா? "அப்புறம்... அப்புறம்..." என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, கதை முடிந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போக அண்ணனையோ அக்காவையோ துணைக்குக் கூப்பிட்டிருப்பீர்களே! அந்தப் பயத்தை வெறும் பேனாவாலும் காகிதத்தாலும் உண்டாக்கிய சில எழுத்தாளர்களை இன்று சந்திப்போமா?

முதலில் 18 வயதுப் பெண் ஒருவர். பெயர் மேரி. அவர் கதை எழுதக் காரணம் ஓர் எரிமலை!

1815ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தக வாயுவும் வானில் வெகு உயரத்துக்குப் போய்ப் பரவி, சூரிய ஒளியைத் தடுத்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே சரியாக வரவில்லை. ஜூன் மாதத்திலும் குளிர், விடாத மழை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரைக்கு வந்திருந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் நண்பர்களும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். மேரியும் அவர்களில் ஒருவர். பொழுது போகப் பேய்க்கதைகளைப் படித்தார்கள். ஆளுக்கொரு கதை எழுதலாம் என்றார் பைரன்.

மேரிக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. தினமும் காலையில், கதை யோசித்தாயா என்று கேட்பார்களாம். இல்லை என்று சொல்ல வெட்கம்! கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் திருதிருவென முழிப்போமே, அந்த மாதிரிதான். ஒருநாள் இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது மனக்கண்ணில் ஒரு காட்சி வந்தது. தான் செய்த உருவம் உயிர் பெற்று அசைவதைக் கண்டு நடுங்குகிறான் ஒரு மாணவன். கதை கிடைத்துவிட்டது!

அதுதான் 'பிராங்கன்ஸ்டைன்'. 1818இல் வெளியானபோது புத்தகத்தில் மேரி ஷெல்லியின் பெயரே இல்லை. அவருடைய கணவரான கவிஞர் ஷெல்லி எழுதியது என்று சிலர் நினைத்தார்கள். இங்கிலாந்தில் 1823இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் அச்சானது.

பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! அது பூதத்தைச் செய்த மாணவன் விக்டரின் குடும்பப் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. அதற்குப் பெயர் வைக்கக்கூட யாரும் இல்லை. உயிர் வந்தவுடனே அதன் முகத்தைப் பார்த்துப் பயந்து விக்டர் ஓடிவிடுகிறான்.

சினிமாவில் காட்டும் கழுத்து ஆணியெல்லாம் கதையில் இல்லை. இந்தப் பூதம் அழகாகப் பேசும், புத்தகம்கூடப் படிக்கும். ஒரு வீட்டுச் சுவரின் இடுக்கு வழியாக உள்ளே இருப்பவர்களைக் கவனித்துக் கவனித்தே மொழி கற்றுக்கொள்கிறது. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து வைக்கிறது. ஒருநாள் துணிந்து உள்ளே போகிறது. வீட்டில் பார்வையற்ற தாத்தா மட்டும் இருக்கிறார். அவர் அன்பாகப் பேசுகிறார். அதன் முகம்தான் அவருக்குத் தெரியாதே! அதற்குள் மற்றவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். மகன் கம்பால் அடிக்கிறான். அவனைத் தூக்கி எறியும் பலம் இருந்தும், திருப்பி அடிக்காமல் ஓடுகிறது பூதம்.

இந்த இடத்தில் பயம் போய் அழுகை வந்துவிடும். மேரி பிறந்த சில நாட்களிலேயே அவருடைய அம்மா இறந்துவிட்டார். யாருமில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்து 'டிராகுலா'. 1897இல் இதை எழுதிய பிராம் ஸ்டோக்கர் அயர்லாந்துக்காரர். சின்ன வயதில் பல ஆண்டுகள் நோயாளியாகப் படுக்கையில் கிடந்தவர். அப்போது அவருடைய அம்மா தம் ஊரில் காலரா பரவிய காலத்துப் பயங்கரங்களைக் கதை கதையாகச் சொல்வாராம்! டிராகுலாவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் போனதே இல்லை. எல்லாம் புத்தகங்களில் படித்ததுதான். முகம் மழிக்கும் கண்ணாடியில் டிராகுலாவின் உருவம் தெரியாமல் போகும் அந்த முதல் பகுதி பிரமாதம். நடுவில் கொஞ்சம் இழுவை. அதனால் 13, 14 வயதுக்காரர்கள் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

ரத்தமும் கோரைப் பல்லும் இருந்தால்தான் பயம் வருமா என்ன? எம்.ஆர். ஜேம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞருக்கு ஒரு படுக்கை விரிப்பே போதும்! கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அறைக்கு அழைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தம் கதைகளை வாசிப்பார். அவற்றில் ஒன்றில், கடற்கரையில் கிடைத்த பழைய ஊதலை ஒருவர் ஊதிப் பார்க்கிறார். அவர் தங்கிய அறையில் காலியாக ஒரு கட்டில் இருக்கிறது. இரவில் அந்தக் கட்டிலில் யாரோ எழுந்து உட்காருகிறார்கள்...

நம் நாட்டு ரஸ்கின் பாண்டின் 'இருட்டில் ஒரு முகம்' இரண்டு மூன்று பக்கக் கதைதான். சிம்லா பக்கத்தில், பைன் மரக் காட்டு வழியே இரவில் நடந்து போகும் ஆசிரியர், தனியே அழும் ஒரு பையன்மேல் டார்ச் அடிக்கிறார். என்ன பார்த்தார் என்று கேட்காதீர்கள்.

எட்டு, ஒன்பது வயதுக் குட்டிகள் அமெரிக்கரான ஆர்.எல். ஸ்டைனில் தொடங்கலாம். 1992இல் ஆரம்பித்த அவருடைய 'கூஸ்பம்ப்ஸ்' முதல் வரிசையில் மட்டும் 62 புத்தகங்கள்! அதற்கு முன் நகைச்சுவைப் புத்தகங்கள் எழுதியவர் அவர். அதனால் இவற்றிலும் பயமும் சிரிப்பும் மாறி மாறி வரும். பிராங்கன்ஸ்டைனுக்கும் டிராகுலாவுக்கும் மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் உண்டு. முதலில் அதைப் படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன். கப்பல்காரர்களைப் பற்றிச் சிரிப்புக் கதைகள் எழுதிக்கொண்டிருந்த டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ், 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்'. இந்தியாவிலிருந்து திரும்பும் ஒரு சிப்பாய், மந்திரித்த குரங்குப் பாதம் ஒன்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவருகிறார். அது மூன்று வரங்கள் தரும். ஒரு வீட்டுப் பெரியவர் விளையாட்டாக 200 பவுன் பணம் கேட்கிறார். பணம் வருகிறது. மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கு இழப்பீடாக! அழுது புலம்பும் அம்மா, மகனைத் திரும்பக் கேட்கச் சொல்கிறாள். அவரும் கேட்கிறார். நடுராத்திரியில் வாசல் கதவு தட்டப்படுகிறது. அம்மா தாழ்ப்பாளைத் திறக்க ஓடுகிறாள். இன்னும் ஒரு வரம் பாக்கி இருக்கிறது...

மீதியை நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இதைப் படிக்கலாம். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், விடுமுறை நாளில் மத்தியானமாகப் பார்த்துப் படியுங்கள். அப்போது யாராவது கதவைத் தட்டினால், தபால்காரராகத்தான் இருக்கும்!