முகவரியற்ற மக்களும் பதிலற்ற மனுக்களும்

பதுளை நகரில் வசிக்கும் ஒருவர் அரச அலுவலகமொன்றுக்குக் கடிதம் எழுதினால், அதற்கான பதில் அவரது வீட்டு வாசலுக்கே வந்து சேரும். அந்நகரிலிருந்து சில மைல் தொலைவில் தேயிலை மலையொன்றின் லயன் அறையில் வசிப்பவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அவருக்கெனத் தனியான முகவரி பெரும்பாலும் இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அவருடைய முகவரியாகும். ஒரே பெயரில் நால்வர் இருப்பின், கடிதம் யாருக்குரியது என்பதைக் கொண்டுவருபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இந்நிலை நேற்று உருவானதன்று. தோட்டம் தனியார் சொத்தாகக் கருதப்பட்ட காலத்தில் தபால் சேவை தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து 'தப்பால்காரன்' சுமந்து வந்த கடிதங்கள் பெரட்டுக் களத்திலோ பிறர் கைமூலமோ விநியோகிக்கப்பட்டன. தோட்டங்கள் பல கைமாறிய பின்னரும் இவ்வழக்கம் பல இடங்களில் மாறவில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நீதிமன்ற அறிவித்தல், வங்கிக் கடிதம் என்பன உரிய நாள் கடந்த பின்னர் கைக்குக் கிடைப்பதால் ஏற்படும் இழப்பை எவரும் ஈடுசெய்வதில்லை.

பிரதேச சபைகளின் நிலையும் இதற்கு வேறுபட்டதாக இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கியது. வாக்களிக்கும் மக்கள் தம் சபையின் சேவைக்கு மூன்று தசாப்தங்கள் காத்திருக்க நேர்ந்தது.

மக்கள் அரசுடன் தொடர்பு கொள்வதற்குச் சட்டம் எத்தகைய வழிகளைத் திறந்துள்ளது என்பதை நாம் இங்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும். 1988இல் நிறைவேறிய 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசங்களிலும் தமிழில் அரச அதிகாரியுடன் தொடர்பு கொள்ளவும் அவரிடமிருந்து பதிலைப் பெறவும் எவருக்கும் உரிமையுண்டு. அப்புத்தளை, பண்டாரவளை உள்ளிட்ட பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. இவ்வுரிமை தோட்ட மக்களுக்கு மட்டுமன்றி, வெலிமடை, குருத்தலாவ, பதுளை ஆகிய இடங்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களுக்கும் உரியதாகும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்னொரு வழியைத் தந்துள்ளது. ஒவ்வொரு பகிரங்க அதிகார சபையும் தகவல் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். தகவலைக் கோருபவர் அதற்கான காரணத்தைக் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமையாகும். கோரிக்கை கிடைத்தமைக்கு எழுத்து மூலமான ஒப்புகை வழங்கப்பட வேண்டும். தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். அது பாதகமாயின் மேன்முறையீடு செய்ய மேலும் 14 நாட்கள் உண்டு.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. பதில் தோட்ட அலுவலக மேசையில் இரண்டு வாரங்கள் கிடந்தால், சட்டம் தந்த கால அவகாசம் எதற்குப் பயன்படும்? எழுதுபவருக்கு உரிமை இருந்தும், பதில் வந்தடைய முகவரி இல்லாவிடின் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

தகவல் உரியவரிடம் சேராமற் போவதன் விலையை ஊவா மாகாணம் நன்கறியும். கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு அபாயம் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்தபோது மக்கள் அதே லயன்களிலேயே இருந்தனர். எச்சரிக்கை கோப்புகளில் இருந்ததேயன்றி, மாற்றிடமாக மக்களின் கைக்கு எட்டவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு உள்ளானது. அவ்வேளையிலும் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தமை கவனத்திற்குரியது.

கைத்தொலைபேசி இன்று லயன்களையும் எட்டியுள்ளது. ஆகவே கடிதம் அவசியமில்லை என வாதிடுவோர் உளர். தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மறுமுனையில் தமிழ் தெரிந்தவர் இல்லையெனில் அழைப்பும் வீணாகும். பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டும் அலுவலகம் வழங்கும் ஒப்புகையும் ஏழையின் கையிலுள்ள ஆவணங்களாகும்.

ஆகவே, நாம் வலியுறுத்துவது மிகையானதன்று. ஒவ்வொரு லயன் அறைக்கும் இலக்கமிட்டு அதைத் தபால் முகவரியாகப் பதிவு செய்ய வேண்டும். கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் தங்காது குடும்பங்களின் கைக்கே சேர வேண்டும். பிரதேச செயலகம், பிரதேச சபை, வைத்தியசாலை ஆகியவற்றின் வாயிலில் பொறுப்பான அலுவலரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தமிழில் காட்சிப்படுத்தப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல், கோவில் நிர்வாகங்களும் மனு எழுத உதவுவதோடு, அதன் பிரதியையும் பற்றுச்சீட்டையும் பாதுகாக்கும்படி மக்களை அறிவுறுத்த வேண்டும்.

இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. மனம் மட்டுமே தேவை. ஒருவருக்கு முகவரி வழங்குவது அவரை இந்நாட்டின் பிரஜையாக ஏற்பதற்கு அடையாளமாகும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமையை வழங்கிய அரசு, அவர்களின் கதவிலக்கத்தையும் வழங்கத் தயங்கலாகாது.